விரால் மீன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூண்டில் பழகுகிறவர்கள், தோட்டத்தில் குட்டை வெட்டி மீன் விடலாமா என்று யோசிக்கிறவர்கள், சந்தையில் விலை கேட்டு மிரண்டு போனவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்டவை இவை. கேள்விகள் பலவாக இருந்தாலும் பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் போய் முட்டும்: விரால் காற்றைக் குடித்து வாழும் மீன். அதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை தானாகப் புரியும்.

விராலா, வராலா? எது சரி?

இரண்டும் சரி. பழைய வடிவம் வரால். சங்கப் பாட்டு ஒன்றில் தூண்டில் இரையை விழுங்கிய பெரிய ஆண் வரால் ஆம்பல் இலையைக் கிழித்து, குவளைப் பூவைச் சிதைத்து, வள்ளைக் கொடியைக் கலைத்து, இழுத்த இழுப்புக்கு வராமல் கயிறு கட்டிய முரட்டுக் காளை மாதிரி குளத்தையே உழக்கும். விரால் மாட்டிய தூண்டிலை ஒருமுறையாவது கையில் பிடித்தவருக்கு இது வெறும் வருணனை இல்லை என்று தெரியும். அந்தப் பாட்டு மீனைப் ‘பல்வரி’ என்கிறது. 1793இல் பெர்லினில் இருந்த மருத்துவர் புளோஹ் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோதும் வரி என்ற பொருளில்தான் ‘ஸ்ட்ரையேடஸ்’ என்றார். இன்றைய பெயர் சன்னா ஸ்ட்ரையேட்டா.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. தரங்கம்பாடியில் இருந்த ஜான் என்ற பாதிரியார்தான் நம் பக்கத்து மீன்களை புளோஹுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர். கூடவே ஊர்ப் பெயர்களும் போயின. 1801இல் லாசெபேட் என்ற பிரெஞ்சுக்காரர் இதே மீனுக்கு ‘வ்ரால்’ என்றே லத்தீன் பெயர் சூட்டினார். முந்திய பெயருக்கே உரிமை என்பது விதி என்பதால் அது நிலைக்கவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

விரால், குறவை, பூவிரால்: எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

மூன்றும் ஒரே குடும்பம். பாம்புத் தலை போலப் பெரிய செதில்கள் மூடிய தலை, உருளை உடம்பு, முதுகு நெடுக ஒரே துடுப்பு, வட்ட வால், முள்ளில்லாத துடுப்புகள்.

விராலுக்கு முதுகு கரும்பழுப்பு, வயிறு வெளுப்பு. பக்கவாட்டில் சாய்ந்த வரிகள் வயிறு வரை இறங்கும். ஒரு மீட்டர் வரை வளரும் என்று கணக்கு உண்டு. ஆனால் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் முழங்கை நீளம்தான். குறவை சின்னது, உடம்பில் கரும்புள்ளிகள் இருக்கும், ஒரு சாண் இருந்தாலே பெரிய குறவை. பூவிரால், சில ஊர்களில் அவுரி, பெரிய ஆறுகளிலும் அணைகளிலும் வாழ்வது; ஒரு மீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். சின்ன வயதில் அதன் வால் அடியில் கண் போன்ற ஒரு பொட்டு இருக்கும். ‘விரால் இல்லாத குளத்துக்குக் குறவை அதிகாரி’ என்ற பழமொழி இந்த வரிசையைத் தெரிந்தவர் சொன்னது.

தண்ணீரில் வாழும் மீன் தண்ணீரிலேயே மூழ்கிச் சாகுமா?

விரால் சாகும். தலைக்குள், செவுளுக்கு மேலே, இரண்டு அறைகள் உள்ளன. அவற்றின் உட்சுவரில் ரத்தக் குழாய்கள் நெருக்கமாக ஓடும். மீன் மேலே வந்து வாயால் காற்றைக் கவ்வி அங்கே அடைத்துக்கொண்டு மறுபடி கீழே போகும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை இது நடக்க வேண்டும். செவுளும் இருக்கிறது, ஆனால் அது சிறுத்துவிட்டது. அதை மட்டும் நம்பி வளர்ந்த விராலால் உயிர் வாழ முடியாது. குஞ்சுகள் முதலில் செவுளால் மூச்சு விடும், சில வாரங்களில் காற்றுக்கு மாறிவிடும்.

அதனால்தான் ஆழத்தில் கட்டிய செவுள் வலையில் மாட்டிய விராலைக் காலையில் எடுத்தால் செத்துக் கிடக்கும். ‘அவ்வளவு கெட்டி உயிர், ராத்திரியில் எப்படிச் செத்தது?’ என்று கேட்பார்கள். மேலே வர முடியவில்லை, அவ்வளவுதான். அதே மீனை ஈரச் சாக்கில் சுற்றி வைத்தால் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

கோடையில் குளம் வற்றினால் எங்கே போகிறது?

சேற்றுக்குள். தண்ணீர் குறையக் குறைய மற்ற மீன்கள் மூச்சு முட்டிச் சாகும், கொக்குக்கும் நாரைக்கும் இரையாகும். விராலுக்கு அழுகிய தண்ணீரும் ஒன்றுதான், நல்ல தண்ணீரும் ஒன்றுதான். காற்று மேலே இருக்கிறதே. கடைசிக் குட்டையும் வற்றும்போது ஈரச் சேற்றுக்குள் இறங்கி அசையாமல் கிடக்கும். உடம்பைச் சுற்றியுள்ள வழவழப்பு அதைக் காயாமல் காக்கும். பல வாரம், சில வேளை மாதக்கணக்கில் அப்படிக் கிடந்து மழை வந்ததும் எழுந்துவிடும். இலங்கையில் வற்றிய குளத்தில் மண்வெட்டியால் வெட்டி மீன் எடுப்பதைப் பார்த்து 19ஆம் நூற்றாண்டு வெள்ளைக்காரர்கள் அசந்து போய் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் இதற்கும் எல்லை உண்டு. சேறு முழுக்கக் காய்ந்து கல்லாக வெடித்துவிட்டால் விராலும் சாகும். சேற்றை மொத்தமாக வாரிக் கரையில் கொட்டும் தூர்வாரலிலும் மிச்சமிருக்கும் தாய் மீன்கள் போய்விடும். தூர்வார வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆழமான ஒரு மூலையையாவது விட்டுவைக்கலாம்.

தரையில் ஊர்ந்து போகுமா? மழையோடு மீன் விழுந்தது என்கிறார்களே?

ஈரத் தரையில் உடம்பை வளைத்து வளைத்துத் தள்ளிப் போகும். முதல் பெருமழைக்குப் புதுத் தண்ணீர் ஓடும்போது அதை எதிர்த்து ஏறி, வாய்க்காலிலிருந்து வயலுக்கும் ஒரு குட்டையிலிருந்து இன்னொன்றுக்கும் போவதைக் கிராமத்தில் வளர்ந்தவர்கள் பார்த்திருப்பார்கள். நேற்றுவரை வெடித்துக் கிடந்த பள்ளத்தில் இன்று மீன் இருந்தால் அது வானத்திலிருந்து விழுந்ததாகத்தான் தோன்றும். சேற்றிலிருந்து எழுந்ததாகவோ வயல் வழியாக வந்ததாகவோ இருக்கவே வாய்ப்பு அதிகம்.

என்ன தின்னும்?

வாய்க்கு அடங்கிய எதையும். சிறு மீன், தவளை, இறால், பூச்சி. துரத்திப் பிடிக்கிற வழக்கம் குறைவு. பாசிக்குள் அசையாமல் கிடந்து ஒரே பாய்ச்சலில் கவ்வும். குஞ்சாக இருக்கும்போது நுண்ணுயிர்கள் போதும். பிறகு தன் கூடப் பிறந்ததையே தின்னத் தொடங்கிவிடும்.

சிவப்பாக உருண்டை போலக் குஞ்சுக் கூட்டம் நகர்கிறதே, அது விரால் குஞ்சா?

ஆமாம், பெரும்பாலும் விரால்தான்.

நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் நடப்பது இது. ஒரு ஜோடி மீன் கரையோரம் புல், பாசிக்கு நடுவே செடிகளை விலக்கி வட்டமாக ஓர் இடம் ஒதுக்கும். முட்டைக்குள் எண்ணெய்த் துளி இருப்பதால் அது மிதக்கும். தேன் நிறத்தில் மெல்லிய படலமாகத் தண்ணீர் மேல் பரவிக் கிடக்கும். ஒன்று, ஒன்றரை நாளில் பொரித்துவிடும். அதன் பிறகு குஞ்சுகள் செம்மஞ்சள் நிறத்தில் ஆயிரக்கணக்கில் ஒரே கூட்டமாகத் திரியும். காற்றுக் குடிக்கப் பழகியதும் எல்லாம் சேர்ந்து மேலே வந்து வந்து போகும். வானம் வெளுத்திருக்கும்போது குளத்தில் ஓர் இடத்தில் மட்டும் தூறல் விழுவது போல இருந்தால் அது அவைதான்.

கூட்டத்துக்குக் கீழே தாயோ தகப்பனோ இருக்கும், பல வேளை இரண்டும். அதிகம் காவல் காப்பது ஆண். கிட்டே வரும் தவளையை, பாம்பை, சில நேரம் மனிதன் காலையும் முட்டும். ஒரு மாதத்துக்கு மேல் இப்படிக் காத்த பின் குஞ்சுகள் நிறம் மாறி, கறுத்து, பிரிந்து போகும்.

அந்த நேரத்தில் தூண்டில் போட்டால் உடனே கவ்வுகிறதாமே?

கவ்வும். பசியால் அல்ல, குஞ்சைக் காக்க. குஞ்சுக் கூட்டத்துக்கு நடுவில் தவளையையோ ரப்பர் தவளையையோ போட்டால் எந்தக் கற்றுக்குட்டிக்கும் மீன் கிடைக்கும். சின்ன வயதில் என் சித்தப்பாவோடு போய் அப்படி ஒன்றைப் பிடித்திருக்கிறேன். மறுநாள் போய்ப் பார்த்தால் அந்தக் கூட்டம் இருந்த இடத்தில் கெண்டைகள் புரண்டுகொண்டிருந்தன, ஒரு குஞ்சும் இல்லை. அன்றைக்குக் குழம்பு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு அந்த வேலையைச் செய்யவில்லை. பதினொரு மாதம் இருக்கிறது தூண்டில் போட. இந்த ஒரு மாதம் விட்டுவிடுங்கள்.

கேரளத்தில் பருவமழையின் தொடக்கத்தில் முட்டையிட ஏறிவரும் நன்னீர் மீன்களைப் பிடிப்பதற்குச் சட்டத் தடையே இருக்கிறது.

வேறு எப்படியெல்லாம் பிடிக்கிறார்கள்?

செவுள் வலை, வீச்சு வலை, தவளையோ சிறு மீனோ கோத்த தூண்டில். இரவில் பல தூண்டில்களைக் கரையில் குத்திவைத்து விடியலில் போய்ப் பார்ப்பதும் உண்டு.

எனக்குப் பிடித்தது ஊத்தா. அடியும் தலையும் திறந்த மூங்கில் கூடை; அடி அகலம், தலை குறுகல். முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டே சேற்றில் அழுத்துவார்கள். உள்ளே மீன் இருந்தால் கூடையில் முட்டும். மேல் வாய் வழியாகக் கைவிட்டுத் துழாவி எடுக்க வேண்டும். விராலைத் தலையில் பிடிக்காவிட்டால் வழுக்கிவிடும்.

மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை, திண்டுக்கல் பக்கம் அறுவடை முடிந்து தண்ணீர் வற்றும்போது நடக்கிற மீன்பிடித் திருவிழாவில் ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக ஊரே கண்மாய்க்குள் இறங்கும். கண்மாயை அழிப்பது என்று சொல்வார்கள். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசும்வரை கரையில் காத்து நிற்க வேண்டும். வீசியதும் யாரும் யாருக்கும் சொந்தமில்லை. கிடைத்ததை விற்பதில்லை, வீட்டில் குழம்பு வைப்பார்கள். அடுத்த மழைக்கு இது நல்லது என்ற நம்பிக்கையும் உண்டு. தண்ணீர் கலங்கிச் சேறாகும்போது கெண்டை மிதந்துவிடும். விரால் பிடிக்கத்தான் கை வேண்டும்.

வெடியும் நஞ்சும் 1897ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே குற்றம். மின்கம்பியில் கொக்கி போட்டுத் தண்ணீரில் விடுவது மீனை மட்டும் கொல்வதில்லை, பிடிக்கப் போனவரையும் கொன்றிருக்கிறது.

கட்லா, ரோகு விட்ட குளத்தில் விரால் வந்துவிட்டது. என்ன செய்வது?

வந்த பிறகு செய்ய அதிகம் இல்லை; விரலளவு குஞ்சுகளைத் தின்றுதான் தீர்க்கும். குஞ்சு விடுவதற்கு முன்பே குளத்தை வற்ற வைத்துக் காயப்போட வேண்டும். வற்றாத குளமென்றால் இலுப்பைப் பிண்ணாக்கு. ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு ஹெக்டேருக்கு 2500 கிலோ வரை போடுவது வழக்கம். அதிலுள்ள சப்போனின் மீனின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஆக்சிஜன் இல்லாத தண்ணீருக்குத் தப்பித்துக்கொள்ளும் விரால் இதற்குத் தப்பாது, ரத்தமே கெட்ட பின் மேலே வந்து குடித்த காற்று எதற்கு? இரண்டு மூன்று வாரத்தில் வீரியம் போய் அதுவே உரமாகிவிடும். அதற்குப் பிறகு குஞ்சு விடலாம்.

தலைகீழாகவும் யோசிக்கலாம். திலேப்பியா கட்டுக்கடங்காமல் குஞ்சு பொரித்து நெருக்கியடிக்கிற குளத்தில் கொஞ்சம் விராலை விட்டால் அது குஞ்சைத் தின்று எண்ணிக்கையைக் குறைக்கும்.

வளர்த்தால் லாபமா?

காணொளிகளில் சொல்கிற அளவுக்கு எளிது இல்லை.

சாதகம் தெரிந்ததுதான். காற்றுக் குடிக்கும் மீன் என்பதால் சின்ன இடத்தில் நெருக்கி விடலாம், மின்சாரம் போனாலும் மற்ற மீன் போல ஒரே இரவில் செத்து மிதக்காது, உயிரோடு விற்கலாம். எட்டு முதல் பத்து மாதத்தில் முக்கால் கிலோ அளவுக்கு வரும்.

சிக்கல் மூன்று. ஒன்று, குஞ்சு. முன்பெல்லாம் குளத்தில் கூட்டமாகத் திரிவதை வாரி வந்து விற்பார்கள். இப்போது ஹார்மோன் ஊசி போட்டு, மிதக்கும் செடிகள் விட்ட தொட்டியில் முட்டையிட வைக்கிறார்கள். தீவனம் தின்னப் பழகிய குஞ்சா என்று கண்ணால் பார்த்து வாங்குங்கள். இரண்டு, ஒன்றையொன்று தின்பது. ஒரே அளவுக் குஞ்சுகளை மட்டும் சேர்த்து விட்டு, அடிக்கடி பிரித்தெடுக்காவிட்டால் ஆயிரம் விட்ட இடத்தில் சில நூறுதான் மிஞ்சும், அவை மட்டும் கொழுத்திருக்கும். மூன்று, தீவனச் செலவு. இது புரதம் அதிகம் கேட்கும் மீன். மிதக்கும் தீவனத்தின் விலை ஏறினால் லாபம் இறங்கும். கோழிக் கழிவு மலிவு என்று கொட்டினால் தண்ணீர் நாறும், அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருவார்கள், வந்தால் அவர்கள் பக்கமே நியாயம்.

தீவனப் பிரச்சினை பெரிதானால் என்ன ஆகும் என்பதற்குக் கம்போடியா உதாரணம். அங்கே விராலுக்குத் தீனியாக ஆற்றுச் சிறுமீன்களையே வாரிப் போட்டார்கள். ஏழைகளின் சாப்பாட்டு மீன் விராலின் வயிற்றுக்குப் போகிறது என்று 2004இல் அரசு விரால் வளர்ப்புக்கே தடை போட்டது. 2016இல்தான் நீக்கியது.

உடம்பில் சிவப்புப் புண் இருக்கிறது. சாப்பிடலாமா?

அது அஃபனோமைசிஸ் என்ற பூஞ்சை போன்ற உயிரால் வரும் புண்நோய். 1980களின் கடைசியில் இலங்கைக்கும் வடகிழக்கு இந்தியாவுக்கும் வந்தது; 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுக் குளங்களிலும் பரவியது. விராலும் குறவையும் முதல் பலி. மழைக்குப் பின் தண்ணீர் குளிரும் மாதங்களில் அதிகம் வரும். மனிதருக்குத் தொற்றாது. ஆனால் புண் அழுகிய மீனில் வேறு கிருமிகள் ஏறியிருக்கும், அதனால் வாங்காதீர்கள். வளர்ப்புக் குளமென்றால் சுண்ணாம்பு இடுவது முதல் உதவி. புவனேஸ்வரிலுள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் உருவாக்கிய ‘சிஃபாக்ஸ்’ என்ற மருந்தும் உண்டு.

ஏன் இவ்வளவு விலை?

உயிரோடு வருகிறது, நடுமுள் தவிரச் சில்லுமுள் அதிகம் இல்லை, சதை கெட்டி. குழந்தைக்கும் வயதானவருக்கும் பயமில்லாமல் கொடுக்கலாம். கெண்டை வகைகளைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விலை போவது சாதாரணம். வளர்த்த மீனைக் குளத்து மீன் என்று விற்பதும் நடக்கிறது.

வழவழப்புப் போகச் சாம்பலோ கல்லுப்போ போட்டுத் தேய்த்து, சொரசொரப்பான கல்லில் உரசிக் கழுவ வேண்டும். புளியோடு மாங்காய் போட்டு வைத்த குழம்பு, மறுநாள் காலை. இதற்கு மேல் இந்தக் கேள்விக்கு நான் நடுநிலையாகப் பதில் சொல்ல முடியாது.

விரால் தின்றால் காயம் சீக்கிரம் ஆறுமா? ஆஸ்துமா போகுமா?

காயம் பற்றிய நம்பிக்கை பல நாடுகளில் இருக்கிறது. மலேசியாவில் ‘ஹாருவான்’ என்று பிரசவத்துக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் பின் கொடுப்பார்கள். இந்தோனேசியாவில் இதன் அல்புமின் புரதத்தைக் குளிகையாகவே விற்கிறார்கள். இலங்கையில் சிங்களவர் ‘லூலா’ என்று பிள்ளை பெற்றவளுக்குச் சமைப்பார்கள். நல்ல புரதம், எளிதில் செரிக்கும். தேறி வருபவருக்கு ஏற்ற உணவு என்பதில் சந்தேகமில்லை. மருத்துவர் கொடுத்த மருந்துக்குப் பதிலாக அல்ல.

ஆஸ்துமா விஷயம் ஹைதராபாத்தில் இருந்து வந்தது. ஜூன் மாதம் மிருகசிர கார்த்தி நாளில் விரால் குஞ்சின் வாயில் ஒரு மருந்தை வைத்து உயிரோடு விழுங்கத் தருவார்கள், கூட்டம் அலைமோதும். குணமாகும் என்பதற்கு அறிவியல் சான்று இல்லை. தெலங்கானாவின் மாநில மீனும் விரால்தான், அங்கே கொர்ரமீனு.

அமெரிக்காவில் இதைப் பார்த்து ஏன் பயப்படுகிறார்கள்?

அவர்கள் பயந்தது முதலில் இதன் குளிர்நாட்டு உறவினரைப் பார்த்து. 2002இல் மேரிலாந்து மாநிலத்தில் ஒரு குட்டையில் வடக்கத்திச் சீன விரால் பெருகியதைக் கண்டு, குட்டைக்கே நஞ்சிட்டுக் கொன்றார்கள். அதே ஆண்டு மொத்தக் குடும்பத்தையும் உயிரோடு இறக்குமதி செய்யத் தடை வந்தது. பத்திரிகைகள் நடக்கும் அரக்க மீன் என்று எழுதின. நம் குளத்தில் அதைக் கட்டுப்படுத்தக் கொக்கு, நீர்நாய், வறட்சி, மனிதன் என்று எல்லாம் இருக்கிறது.

விரால் அழிந்து வருகிறதா?

உலக அளவில் இல்லை. பாகிஸ்தானிலிருந்து தென்சீனா வரை பரவிய மீன். ஆனால் உங்கள் ஊர்க் குளத்தில் குறைந்திருக்கலாம், அந்த இரண்டும் வேறு வேறு கணக்கு. வயலில் பூச்சிமருந்து, வாய்க்காலில் சிமெண்ட், கரையோரப் புல் இல்லாத குளம், தடையை மீறி வளர்த்துத் தப்பவிட்ட ஆப்பிரிக்கத் தேளிக் கெளுத்தி. காற்றுக் குடிக்கத் தெரிந்திருப்பது இவற்றில் எதற்கும் உதவாது.

உயிரோடு வாங்கிய விராலை வீட்டில் வைத்திருக்கலாமா?

இரண்டு மூன்று நாள் தாராளமாக. வாளியை விளிம்புவரை நிரப்பி மூடிவிடாதீர்கள், காற்றுக்கு இடம் வேண்டும். பாதித் தண்ணீர் போதும். ஆனால் மூடி கட்டாயம் வேண்டும், மேலே ஒரு கல்லும் வையுங்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை கல் வைக்க மறந்து, காலையில் வாளி காலி. பூனை என்று முடிவு செய்து அதைத் திட்டியும் ஆகிவிட்டது. மத்தியானம் அரிசி எடுக்கப் போன அம்மா அலறினாள். குதிருக்குப் பின்னால், தூசி அப்பிய உடம்போடு, வாயை மெல்லத் திறந்து மூடிக்கொண்டு கிடந்தது.